ஆறாவது உதை

2023 ஆகஸ்ட் 12 இரண்டாம் சனிக்கிழமை, பள்ளிக்கு விடுமுறை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் மாலை ஐந்து மணிக்குத் தொடங்கிய மகளிர் கால்பந்து உலகக் கோப்பைக் காலிறுதி, கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் பகல் பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தது. கைப்பேசியைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அத்தை முறத்தில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியாவும் பிரான்சும் 120 நிமிடம் ஆடியும் ஒரு கோலும் விழவில்லை. கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து இரு அணியினரும் மாறி மாறி உதைக்கும் பெனால்டி ஷூட்-அவுட்டில் தலா ஐந்து உதைகள் முடிந்தபோது இரு தரப்பும் 3-3. ஆறாவது உதையில் பிரான்சு கோல் அடித்துவிட்டது. அடுத்து வருபவர் தவறவிட்டால் ஆஸ்திரேலியா வெளியே போக வேண்டியதுதான் என்ற நிலையில் பந்தை எடுத்துக்கொண்டு நடந்து வந்தவர், நடுக்கள ஆட்டக்காரர் கத்ரீனா கோரி.

எனக்கு நெஞ்சு அடைத்தது. சரியாக ஏழு ஆண்டுகளுக்கு முன், 2016 ஆகஸ்ட் 12 இரவு, ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் பிரேசிலுக்கு எதிராகவும் இதே போன்ற ஷூட்-அவுட்தான் நடந்தது. பிரேசிலின் மார்த்தா தவறவிட்ட பிறகு, அடித்தால் ஆஸ்திரேலியாவுக்கு வெற்றி என்ற உதை கோரிக்குக் கிடைத்தது. கோல்கீப்பர் பார்பரா அதைத் தடுத்துவிட்டார். ஆஸ்திரேலியா 7-6 எனத் தோற்றது. அந்த நினைவோடு ஒருவர் மறுபடியும் அந்தப் புள்ளியில் பந்தை வைப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

கோரி பிரிஸ்பேனில் 1992 ஆகஸ்ட் 13 அன்று பிறந்தவர். உயரம் ஏறக்குறைய ஐந்தடிதான். அதனால் தோழிகள் வைத்த பெயர் ‘மினி’. எங்கள் பக்கம் தெருவுக்கொரு மினி இருப்பதால், எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அவரை ‘மினி சேச்சி’ (மினி அக்கா) என்றே சொல்கிறார்கள். 2014இல் ஆசியாவின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானார். அதே ஆண்டு அமெரிக்காவில் எஃப்சி கேன்சஸ் சிட்டி அணியோடு லீக் பட்டமும் வென்றார். ஆனால் அந்தக் காலத்தில் தேசிய அணி வீராங்கனைகளின் ஆண்டு ஒப்பந்த ஊதியம் 21,000 ஆஸ்திரேலிய டாலர்தான். 2015 செப்டம்பரில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து அமெரிக்கப் பயணத்தையே கைவிட நேர்ந்தது. நடுக்களத்தில் ஆடுபவரின் உழைப்பு எப்போதும் கோல் கணக்கில் தெரிவதில்லை. எதிரணியின் கால்களிலிருந்து பந்தைப் பறித்து, தலையை நிமிர்த்திப் பார்த்து, இரண்டே தொடுதலில் முன்னே அனுப்புகிற அந்த வேலையைத்தான் கோரி ஆண்டுக்கணக்கில் செய்துவந்தார்.

பிறகு செயற்கைக் கருத்தரிப்பின் மூலம் தனியாகவே தாயாவது என்று முடிவெடுத்தார்; 2021 ஆகஸ்டில் மகள் பிறந்தாள். ஓராண்டுக்குள் ஆட்டத்துக்குத் திரும்பி, குழந்தையோடு சுவீடனுக்குப் போய் விட்ஷோ அணிக்கு ஆடினார், தேசிய அணியிலும் மீண்டும் இடம்பிடித்தார். இதைச் சொன்னதும் அத்தை கடலையைக் கீழே வைத்துவிட்டு, “அந்தக் குட்டைப் பொண்ணுக்குப் புள்ளை இருக்குதா கண்ணு? பெத்தவளா இந்த ஓட்டம் ஓடுறா?” என்று கேட்டார். அத்தை இளம் வயதில் கபடி ஆடியவர். கல்யாணத்தோடு அது நின்றுபோனது. அதற்குப் பிறகு அவர் கடலை உரிக்கவில்லை.

கோரி அடித்தார்; பந்து வலைக்குள் போனது, 4-4. கோர்ட்னி வைன் அடித்த பத்தாவது உதையில் எல்லாம் முடிந்தபோது கணக்கு 7-6. இந்த முறை அது ஆஸ்திரேலியாவின் பக்கம், அதுவும் கோரி பிறந்த ஊரில், பிறந்தநாளுக்கு முந்தைய இரவு. அரையிறுதியில் இங்கிலாந்திடம் தோற்று அணி நான்காவதாக முடித்தது. கோரி 2024 ஜனவரியில் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் அணியில் போய்ச் சேர்ந்து, பின்னர் அங்கே கேப்டனும் ஆனார்.

எங்கள் பள்ளி மைதானத்தில் இரண்டு பாக்கு மரக் கழிகளை நட்டுத்தான் கோல் போஸ்ட் வைத்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் அங்கே பெனால்டி பழகும்போது முதல் ஐந்து பேரை அவர்களே பிரித்துக்கொள்கிறார்கள். ஆறாவது உதை யாருக்கு என்று நான் கேட்டால், இப்போதெல்லாம் இரண்டு மூன்று கைகள் உயர்கின்றன.