திரைச்சீலையில் ஒரு விருந்தாளி

நேற்று ராத்திரி ஜன்னல் வழியாக ஒரு குட்டி வவ்வால் உள்ளே வந்துவிட்டது. நாலு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரைச்சீலையில் தலைகீழாகத் தொங்கியது.

தொடாமல் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

இறக்கை என்று நாம் சொல்வது கைதான்! நீண்டு மெலிந்த நாலு விரல்கள், இடையில் குடைத்துணி மாதிரி சவ்வு. கட்டைவிரல் மட்டும் தனியே, கொக்கி நகத்தோடு.

பாலூட்டிகளில் நிஜமாகவே பறப்பது இந்தக் கூட்டம் மட்டும்தான். பறக்கும் அணிலெல்லாம் சறுக்குவதோடு சரி. 1,400-க்கும் மேற்பட்ட வகைகள். 2 கிராம் எடையுள்ளதும் உண்டு, விரித்தால் ஒன்றரை மீட்டர் வருவதும் உண்டு. இரத்தம் குடிப்பவை 3 வகைதான், கெட்ட பெயர் என்னவோ எல்லாவற்றுக்கும்.

விளக்கை அணைத்து ஜன்னலை அகலத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். சத்தமே கேட்கவில்லை. அது கத்திக்கொண்டேதான் போயிருக்கும், என் காதுக்குத்தான் எட்டவில்லை.