ஒரு வரியில் சொன்ன பதில்

“கிட் ரீசெட் ஹார்ட் கொடு. பழைய நிலைக்கு வந்துவிடும்.”

நான் அனுப்பியது இவ்வளவுதான். கிட் என்பது நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கருவி. மாலை 6.40 மணி, காதில் வாடிக்கையாளருடன் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி கேட்டதும் ஒரு வரிதான்: “அண்ணா, மெர்ஜ் செய்ததில் எல்லாம் குழம்பிவிட்டது. பழைய நிலைக்கு எப்படிப் போவது?” ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரிப் பதில். அப்படித்தான் பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவளுக்குப் பழைய நிலை என்றால் மெர்ஜ், அதாவது மற்றவர் மாற்றங்களைத் தன்னுடையவற்றோடு இணைப்பது, தொடங்குவதற்கு முந்தைய நிமிடம். கிட்டுக்குப் பழைய நிலை என்றால் கடைசி கமிட், அதாவது கடைசியாக அதில் பதிவு செய்த நிலை. இரண்டுக்கும் நடுவே இரண்டு நாள் வேலை கமிட் ஆகாமல் கிடந்தது. அது அழிந்துபோனது. இந்தக் கட்டளை ‘நிச்சயமா?’ என்று ஒரு முறைகூடக் கேட்காது. ஹெட் (நாம் இப்போது நிற்கும் இடம்) இந்தக் கமிட்டில் இருக்கிறது என்று ஒரே ஒரு வரி காட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு அவள் “நன்றி அண்ணா, சரியாகிவிட்டது” என்று பதில் அனுப்பினாள். பத்து நிமிடம் கழித்து என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கூட்டம் முடியட்டும் என்று கையால் சைகை காட்டினேன். நின்றுகொண்டே இருந்தாள்.

குறிப்பு சொல்வதில் எனக்கு அலுவலகத்தில் கொஞ்சம் பெயர் உண்டு. தினமும் காலையில் குழுவுக்கு ஒன்று அனுப்புவேன். பைத்தானில் ஃபங்ஷனின் இயல்பு மதிப்பாகக் காலி லிஸ்ட்டை வைக்காதீர்கள். அது ஒரே ஒரு முறைதான் உருவாகும், அழைக்க அழைக்க அதிலேயே சேர்ந்துகொண்டு போகும். ஜாவாஸ்கிரிப்டில் மூன்று ‘10’ உள்ள பட்டியலை மேப் வழியாக, எழுத்தை எண்ணாக்கும் பார்ஸ்இன்ட்டிடம் நேரே கொடுத்தால் 10, ‘எண் அல்ல’, 2 என்று வந்து நிற்கும். ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் அது எண்ணடிமானம், அதாவது எத்தனையை அடியாக வைத்து எண்ணுவது, என்று எடுத்துக்கொள்கிறது. தரவுத்தளத்தில் டெலீட் எழுதும் முன்பு அதே நிபந்தனையைச் செலக்ட்டில் போட்டு எத்தனை வரிசை வருகிறது என்று பாருங்கள். எல்லாம் சரியான குறிப்புகள். இருமலுக்குத் தேன் நல்லது என்பதுபோலச் சரியானவை. சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுப்பது வைத்தியம். நான் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: கமிட் செய்துவிட்டாயா? மெர்ஜை மட்டும் ரத்து செய்யும் மெர்ஜ் அபார்ட் என்று சொல்லியிருந்தாலும் பெரும்பாலானவை அப்படியே நின்றிருக்கும். ஆனால் இரண்டு நாள் கமிட் செய்யாமல் வேலை பார்த்தது யார்? வந்து நான்கு மாதம் ஆகிறது, தினமும் சொல்கிறோம். இந்த நியாயத்தை நினைக்கும்போதெல்லாம் ஐந்து நிமிடம் நன்றாக இருக்கும். ஒரு பயலை வேலைக்குச் சேர்ந்த புதிதில் கமிட் செய்யாததற்காக நான் திட்டியதும், அன்று என் கணினியிலேயே மூன்று நாள் வேலை கமிட் ஆகாமல் கிடந்ததும் பிறகு நினைவுக்கு வந்துவிடும்.

அன்று இரவு உட்கார்ந்து தேடினோம். ஹெட் நின்ற இடங்களைக் குறித்துவைக்கும் ரீஃப்லாக் பயன்படாது, இயல்பான அமைப்பில் 30 முதல் 90 நாள் வரை அது நினைவில் வைத்திருக்கும், ஆனால் கமிட் ஆனவற்றை மட்டும்தான். மெர்ஜில் வந்த மோதலைத் தீர்க்கும் அவசரத்தில் அவள் சில கோப்புகளுக்கு, அடுத்த கமிட்டுக்குத் தயார் செய்யும் கிட் ஆட் கட்டளையைக் கொடுத்திருந்தாள். அது ஒரு புண்ணியம். ஆட் கொடுத்த கணத்திலேயே கிட் உள்ளடக்கத்தை எடுத்துப் பத்திரப்படுத்திவிடும். கிட்டின் கிடங்கைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை லாஸ்ட் ஃபவுண்ட் சேர்த்துக் கொடுத்தால் அநாதையாகக் கிடப்பவற்றை ஒரு கோப்புறையில் கொட்டும். கொட்டியது. கோப்புப் பெயர் எதுவும் இருக்காது, 40 எழுத்துக் கோவைகள்தான். ஒவ்வொன்றாகத் திறந்து, இது யாருடைய பிள்ளை என்று முகம் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். “இது என்னுடையது அண்ணா... இது இல்லை... இது பழையது.” ஒன்பதரை மணிக்கு மூன்று கோப்புகள் தேறின. முக்கியமானது, தவணைத் தேதி கணக்கிடும் கோப்பு, அதில் இல்லை. அதற்கு அவள் ஆட் கொடுத்திருக்கவில்லை.

அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேனோ என்னவோ.

மறுநாள் காலைக் கூட்டத்தில் அவள் முறை வந்தது. “கிட்டில் ஒரு தவறு செய்துவிட்டேன், தவணைப் பகுதியைத் திரும்ப எழுத வேண்டும், இரண்டு நாள் கூடுதலாக ஆகும்” என்றாள். மேலாளர் “கவனமாக இரும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அடுத்த ஆள் நான். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னேன். தடை ஏதும் இல்லை என்றும் சொன்னேன். அவள் செய்தது நான் சொன்ன கட்டளை என்று சொல்ல அந்த இடத்தில் பத்து விநாடி போதும். எல்லோர் முன்னாலும் அதைக் கிளறினால் அவளுக்குத்தான் சங்கடம் என்று நினைத்ததாக இப்போது ஞாபகம். அன்று உண்மையிலேயே அப்படி நினைத்தேனா, பிறகு ஒட்டவைத்துக்கொண்டேனா, தெரியவில்லை.

பரிகாரம்போல அந்த வாரம் ரீசெட் பற்றி நீளமாக ஒரு குறிப்பு எழுதினேன். சாஃப்ட் எது, மிக்ஸ்டு எது, ஹார்ட் எது, கொடுக்கும் முன்பு ஸ்டேட்டஸ் பார், சந்தேகம் என்றால் ஸ்டாஷ் செய் (மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வை), கிட்டுக்குள் இன்னும் சேராத புதுக் கோப்பை என்ன செய்யும் என்று ஒரு முழுப் பக்கம். கட்டைவிரல் காட்டியவர்கள் இரண்டு பேர். அதில் அவளும் ஒருத்தி. இறுதிவரை படித்தவர் ஒருவராவது இருந்திருந்தால், இடையில் இருந்த எழுத்துப் பிழையைச் சொல்லியிருப்பார். மறுநாள் பழையபடி ஒரு வரிக் குறிப்பு அனுப்பினேன். பதினொரு பேர் நன்றி சொன்னார்கள். குறுகச் சொன்னால் ஆபத்து, விரித்துச் சொன்னால் ஆளில்லை. இதற்கு என்னிடம் இன்றுவரை விடை இல்லை, குறுகவேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து மதியச் சாப்பாட்டின்போது பேச்சுவாக்கில் இந்தக் கதை வந்தது. டெஸ்டிங் குழுப் பையன் ஒருவன் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, “விஎஸ் கோடில் டைம்லைன் பார்த்தீர்களா?” என்றான். 2022 மார்ச் பதிப்பிலிருந்தே அந்த எடிட்டர் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கோப்பின் நகலைத் தனியாக எடுத்து வைக்கிறது. கிட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எந்த ரீசெட்டும் அதைத் தொடாது. தினம் ஒரு குறிப்பு அனுப்புகிறவனுக்கு அது தெரியாது.

கை கழுவிவிட்டு நேரே அவள் இருக்கைக்குப் போனோம். டைம்லைனைத் திறந்ததும் அந்த இரண்டு நாளும் மணிவாரியாக வரிசையில் நின்றன. கடைசி நகல் 6.31. என் பதிலுக்கு ஒன்பது நிமிடம் முந்தையது. அவள் சிரித்தாள். “பரவாயில்லை அண்ணா, இரண்டாவது முறை எழுதியதுதான் நன்றாக வந்திருக்கிறது” என்றாள். உண்மைதான், 200 வரி 120 ஆகியிருந்தது. எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. பாதகம் ஒன்றும் இல்லை, நன்மைதான் என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இறக்கிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். ஜனவரி 31-இல் தொடங்கும் தவணைக்கு ஒரு மாதம் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் பிப்ரவரி 31 என்று கணக்கிட்டு மார்ச் 3-க்குத் தாவிவிடும். லீப் வருடமானால் மார்ச் 2. பழைய பிரதியில் அதற்கு ஒரு சோதனை எழுதி, தேதியை மாதத்தின் கடைசி நாளில் நிறுத்தியிருந்தாள். புதியதில் அது இல்லை. “மறந்தே போனேன்” என்றாள்.

“நான் சேர்த்துவிடுகிறேன், அந்தக் கோப்பு என்னிடம் திறந்துதான் இருக்கிறது” என்றேன். சேர்த்தேன். கமிட் செய்தேன். கமிட் செய்தியின் இறுதியில் ‘கோ ஆதர்டு பை’ (இணைந்து எழுதியவர்) என்று ஒரு வரி போட்டால் நிரலைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருவர் பெயரும் தெரியும். என் குறிப்புகளில் அதுவும் ஒன்று, போன வருடம் அனுப்பியது. அன்று போடவில்லை. இப்போது அந்தக் கோப்பில், எந்த வரி யாருடையது என்று காட்டும் கிட் பிளேம் கொடுத்தால், 120 வரிக்கும் அவள் பெயர் வருகிறது. மாதக் கடைசியை நிறுத்தும் அந்த நான்கு வரிக்கு மட்டும் என் பெயர்.