கோச் தேர்வுக்குப் போகும் பெண்களே, விசிலைக் கேட்டு வாங்குங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. தடகளப் பயிற்சியாளர் சான்றிதழில் பாஸ், பிராக்டிகலில் நல்ல மார்க். நிம்மதிதான், ஆனால் கோபம் இன்னும் ஆறவில்லை. தாள்கள், மார்க் பிரிப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பேட்சில் பெண்கள் சிலர்தான். வகுப்பெடுத்துப் பழகும் நேரத்தில் ஆண்கள் விசிலோடு நடுவில் நிற்பார்கள். நாங்கள் கோன் வைப்போம், அட்டெண்டன்ஸ் எழுதுவோம், டெமோ செய்துகாட்டுவோம். "நீ அழகா செஞ்சு காட்டுறம்மா" என்று பாராட்டியே ஓரத்தில் நிறுத்திவிடுவார்கள். கட்டளை கொடுப்பது, தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துவது, வகுப்பைக் கட்டுக்குள் வைப்பது ஆகியவற்றுக்குத்தான் மார்க். கோன் வைத்ததற்கு யாரும் மார்க் போடுவதில்லை.

நானும் ஓர் அக்காவும் சாரிடம் போனோம். "பேர் வரிசைப்படி எல்லாருக்கும் விசில், எல்லாருக்கும் கோன்னு லிஸ்ட் போடுங்க சார்" என்றோம். முகம் சுளித்தார், ஆனாலும் போட்டார். அதை எழுதி ஒட்ட வையுங்கள், வாய்வார்த்தை மறுநாள் காலையில் காணாமல் போய்விடும். விசில் பிடித்துப் பழகாமல் எவ்வளவு படித்தாலும் பிராக்டிகலில் கை நடுங்கும். நான் நேருக்கு நேர் கேட்டுவிடுகிற ஆள். உங்களுக்கு அது வராதென்றால் இரண்டு பேராகப் போங்கள். குரல் எழும்பாதவர்கள் காலையில் மெரினாவுக்குப் போய், அலைச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி கட்டளை சொல்லிப் பழகுங்கள். எனக்கு நன்றாகவே உதவியது.

அப்புறம் தியரி. எந்தக் கேள்வி வந்தாலும், பெண்களுக்கு என்ன மாறும் என்று ஒரு பத்தி சேர்த்து எழுதுங்கள்.

- சீனியர் பெண்களுக்குக் குண்டு 4 கிலோ, ஈட்டி 600 கிராம், 100 மீட்டர் தடை ஓட்டத்தில் தடையின் உயரம் 83.8 செ.மீ. ஆண்களுக்கு 7.26 கிலோ, 800 கிராம், 110 மீட்டர் தடை 106.7 செ.மீ.
- பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லையென்றால் வருவது ரெட்-எஸ், அதாவது உடலுக்குச் சக்தி போதாமல் வரும் கோளாறு. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இந்தப் பெயரை வைத்தது. பீரியட்ஸ் நின்றால் 'நல்லா டிரெயினிங் எடுக்குறா' என்று சொல்லும் கோச்சுகள் இன்னும் இருக்கிறார்கள். எலும்பு பலவீனமாகும், டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று எழுதுங்கள்.
- முழங்கால் ஏசிஎல் (மூட்டுக்குள் இருக்கும் தசைநார்) காயம் குதித்துத் திரும்பும் விளையாட்டுகளில் பெண்களுக்கு அதிகம். தரையிறங்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பது கோச்சின் வேலை.
- 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி ஸ்டேடியமும் போட்டி நடக்கும் இடமும் பணியிடம்தான். உள் புகார்க் குழுவுக்குத் தலைவர் பெண், உறுப்பினர்களில் குறைந்தது பாதி பெண்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே குற்றம்.

புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். பிறகு அவரே பயிற்சியாளரானார். எங்கள் நோட்ஸில் அவர் பெயர் எங்குமே இல்லை. தமிழ்நாட்டில் கோச்சாகப் போகிறவர் அவர் கதை தெரியாமல் போகக் கூடாது என்பதால் விளையாட்டு உளவியல் தாளில் நானே எழுதினேன்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்னிடம் கேட்டது: "கல்யாணம் ஆனா காலைல அஞ்சு மணிக்கு கிரவுண்டுக்கு வருவியாம்மா?" கூட வந்த ஆண்கள் யாரிடமும் இதைக் கேட்கவில்லை, விசாரித்துவிட்டேன். அங்கே வாதாட வேண்டாம். "வருவேன் சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் பயிற்சித் திட்டத்துக்குப் பேச்சைத் திருப்புங்கள். 'பெண் கோச் பெண்களுக்கு மட்டுமா' என்றால் பையன்களுக்கும் எடுப்பேன் என்று சொல்லிவிட்டு, இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வீரர், வீராங்கனை இடங்கள் சரிபாதி. அதற்கு முந்தைய டோக்கியோவில் கோச்சுகளில் பெண்கள் சுமார் 13 சதவீதம்தான். நான் சொன்னதும் தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார், அடுத்த கேள்வி தடகளத்தைப் பற்றியே வந்தது.