ரெண்டாவது இட்லி

பிப்ரவரி 11, ஆரியங்காவு

அப்பா இன்றும் நின்றுகொண்டேதான் சாப்பிட்டார். ஒரு வாய் இட்லி, ஒரு மடக்குத் தண்ணீர், தோளை ஒரு குலுக்கு. படுத்தால் தின்றது வாய்க்கே வருகிறது. ஒரு வருடமாக கேஸ் மாத்திரை தின்றதுதான் மிச்சம். எண்டோஸ்கோப்பியில் புற்று இல்லை என்றார்கள். எனக்குப் பாதி உயிர் வந்தது.

பிப்ரவரி 20, திருவனந்தபுரம்

மூக்கு வழியாகக் குழாய் விட்டு, தண்ணீர் விழுங்கச் சொல்லி அழுத்தம் அளந்தார்கள். அகலேசியா. உணவுக்குழாயின் அடிவாசலைத் தளர்த்தும் நரம்பணுக்கள் செத்துப்போய், வாசல் இறுகியே கிடக்கிறது. இதில் மூன்று வகை. அப்பாவுக்கு இரண்டாவது: விழுங்கும்போது குழாய் முழுக்க ஒரே நேரத்தில் அழுத்தம் ஏறும். டாக்டர் முகம் மலர்ந்தது. நோயைப் பார்த்துச் சிரிப்பாரா ஒருத்தர் என்று எரிச்சல்தான் வந்தது. அப்புறம்தான் சொன்னார், சிகிச்சைக்கு நன்றாகக் கேட்பது இந்த வகைதானாம். மூன்றாவதில் குழாயே இழுத்துப் பிடிக்கும். அடிவாசலில் பலூனை ஊதி விரிப்பது பெரும்பாலும் போதாது, தசையை நீளமாக வெட்ட வேண்டிவரும். அப்பாவுக்கு வயது 63. நாற்பது தாண்டியவர்களுக்கு பலூன் பலன் கூடுதலாக நிற்குமாம். சரி, பலூன்.

மார்ச் 7

நேற்று 30 மில்லிமீட்டர் பலூன். குழாய் கிழிய வாய்ப்புண்டு என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள், கிழியவில்லை. ரயில் பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டும்போது, உட்கார்ந்தபடியே ஒரு வாழைப்பழம் தின்றார்.

ஏப்ரல் 17, திருவனந்தபுரம்

எக்கார்ட் மதிப்பெண் போட்டார்கள். விழுங்கச் சிரமம், எதுக்களிப்பு, நெஞ்சுவலி, எடைக்குறைவு, ஒவ்வொன்றுக்கும் 3 வரை. மொத்தம் 3க்குள் வந்தால் வெற்றி. பிப்ரவரியில் 8, இன்று 2. ஆனால் எல்லாம் அப்பா வாயால் சொல்லும் கணக்கு. முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர், கத்தி கையில் இறங்கியபோதும் “ஒண்ணுமில்ல” என்றவர். “இறங்ஙுன்னுண்டோ?” என்று டாக்டர் கேட்க, “நல்லா இறங்குது சார்.”

அடுத்து எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் திரவம் குடிக்க வைத்து, நிற்கவைத்து 1, 2, 5 நிமிடத்தில் படம். ஐந்தாவது நிமிடத்திலும் 9 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தேங்கியிருந்தது. 5க்குக் கீழே வந்திருக்க வேண்டும். ஆள் நன்றாயிருக்கிறது என்று சொல்லியும் பேரியம் தேங்கினால், நோய் சீக்கிரமே திரும்பி வர வாய்ப்பு அதிகமாம். அடுத்த அளவு பலூன் போடலாம் என்றார். அப்பா தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

ஏப்ரல் 19

“நெசமாவே இறங்குதாப்பா?”

“ரெண்டாவது இட்லி கொஞ்சம் நிக்குதுடா. உனக்குத் திரும்ப லீவு போடணுமேன்னு சொல்லல.”

மே 8க்குத் தேதி வாங்கியாச்சு. 35 மில்லிமீட்டர்.