வலைக்கண்

திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள உப்புவெளியில் வீட்டு முன்னறைதான் என் அலுவலகம். வெளிநாட்டு ஆய்வுக் குழு ஒன்றுக்காக, அடிபட்ட கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று கணினியில் கணக்கிடுகிறேன். ஊரில் கேட்டால் "கொம்பியூட்டர் வேலை" என்று முடித்துவிடுவேன். கண்ணை உடைத்துப் பார்க்கிற வேலை என்றால் யார் பெண் தருவார்கள்?

சுமார் 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்கோளத்தைப் பல்லாயிரம் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு இழுபடும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். கருவிழிப் படலம் நடுவில் அரை மில்லிமீட்டர் தடிப்பு. வெண்விழிப் படலம் பின்புறத்தில் 1 மில்லிமீட்டர். ஆனால் கண்ணை அசைக்கும் தசைகள் ஒட்டுகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால் வெறும் 0.3. உள்ளே இருக்கும் கூழ் அமுங்காது. முன்னாலிருந்து நசுக்கினால் கோளம் பக்கவாட்டில் பிதுங்கும். விழித்திரை அங்கேதான் இழுபட்டுக் கிழியும். 2002இல் வெர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் இப்படியொரு கணினிக் கண்ணைச் செய்து, பரிசோதனைகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். எங்கள் மாதிரியும் அந்த வழியில் வந்ததுதான்.

பந்து மோதி விலகச் சில மில்லிசெக்கன் போதும். அதைக் கணக்கிட என் கணினிக்கு ஓர் இரவு வேண்டும். துண்டு சிறுக்கச் சிறுக்க, கணக்கு ஒவ்வொரு அடியிலும் தாண்டும் நேரமும் சிறுக்கும், அடிகள் கூடும். 2022 மின்வெட்டுக் காலத்தில் பாதியில் செத்த கணக்குகளை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பக்கத்து வீட்டு அண்ணன் ஒருநாள் திரையை எட்டிப் பார்த்தார். கடல்தொழில் செய்பவர்.

"தம்பி, இதென்ன, கண்ணுக்கு வலை போட்டு வச்சிருக்கிறாய்?"

துண்டுகளைப் பிரிக்கிற அந்தக் கோடுகளை நாங்களும் வலை என்றுதான் சொல்கிறோம் என்றேன். அவர் விடவில்லை. "ஒரு பக்கம் சின்னக் கண், மற்றப் பக்கம் பெரிய கண். இப்படிப் பின்னினால் எந்த மீன் நிக்கும்?" கிழியக்கூடிய இடத்தில் மட்டும் வலைக்கண்ணைச் சிறிதாக்குவோம் என்று விளக்கினேன். தலையாட்டினார். பிறகு டெனிஸ் பந்து மோதுகிற ஓட்டத்தைப் போட்டுக் காட்டினேன். பந்து நேர் முன்னாலிருந்து வந்து கருவிழியின் நடுவில் இடித்தது.

"நேர வாறதைக் கண்டால் முகத்தைத் திருப்பமாட்டானா?" என்றவர், தன் இடது கண்ணின் வெளிப்பக்கம், கன்ன எலும்புக்கு மேலே விரலை வைத்தார். "எனக்கு இதால வந்தது."

திருகோணமலை டச்பே கடற்கரைப் பக்கம் பாறையில் தூண்டில் சிக்கியிருக்கிறது. இழுத்திருக்கிறார். தங்கூசி, அதாவது தூண்டில் நைலோன் நூல், ரப்பர் மாதிரி நீண்டு, சட்டென்று விட்டுக்கொண்டதில் ஈயக்குண்டு திரும்பிப் பாய்ந்திருக்கிறது. கருவிழிப் படலத்துக்குப் பின்னால் உள்ள கண்ணின் முன்னறையில் இரத்தம் தேங்கியதாம். பிறகு விழித்திரையிலும் கிழிசல் கண்டு, கொழும்பில் சத்திரசிகிச்சை.

அன்றிரவு கணக்குப் போட்டேன். 58 கிராம் டெனிஸ் பந்து செக்கனுக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தால் ஆற்றல் 11.6 ஜூல். 30 கிராம் ஈயம் 28 மீட்டர் வேகத்தில் வந்தாலும் கிட்டத்தட்ட அதே. ஆனால் பந்தின் விட்டம் 6.7 சென்ரிமீட்டர், கண்குழியைச் சுற்றிய எலும்பு அதில் பெரும் பங்கைத் தாங்கிவிடும். ஈயம் 1.7தான். எலும்பைத் தொடாமலே உள்ளே போகும். அதுவும் வெளிப்பக்கத்தில் அந்த எலும்பு பின்வாங்கி நிற்கிறது, கண்ணுக்கு மறைப்பு அங்கே குறைவு. கண்மருத்துவப் புத்தகங்களில் உள்ள விடயம்தான், நானும் படித்திருக்கிறேன். அப்படியிருந்தும் இரண்டு வருடமாக எல்லாவற்றையும் நேர் முன்னாலிருந்தே எறிந்துகொண்டிருந்தேன். காரணம் வெட்கக்கேடானது: நேராக அடித்தால் பாதிக் கண்ணை மட்டும் செய்து, மற்றப் பாதியைக் கண்ணாடிப் பிம்பமாக எடுத்துக்கொள்ளலாம். நேரம் மிச்சம்.

முழுக்கண்ணையும், சுற்றியுள்ள எலும்பையும் கட்டி, குண்டைக் கீழ் வெளிப்பக்கத்திலிருந்து விட ஆறு வாரம் எடுத்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். விழித்திரையின் முன் ஓரத்தில், கீழ் வெளிப்பக்கமாகச் சிவப்புப் படர்ந்தது.

"அது இரத்தமா?"

"இல்லை அண்ணே, இழுவை கூடின இடம்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் அண்டைக்கு எல்லாம் சிவப்பாத்தான் தெரிஞ்சது" என்றார்.