எய்லரான்தான் முதலில்: ஆர்வி-7இல் கட்டுப்பாடுகளைப் பொருத்துவது பற்றி

வீட்டிலேயே கட்டும் சிறு விமானமான ஆர்வி-7இன் கிட்டில் இறக்கைக்கும் உடற்பகுதிக்கும் ரிவெட் அடித்து முடித்து, வாலையும் மாட்டிவிட்டால், பார்க்க வருகிறவர்களுக்கு விமானம் முடிந்துவிட்டதாகத் தெரியும். விமானியின் ஸ்டிக்கை எய்லரானோடும் (இறக்கையின் பின்புறம் அசைந்து விமானத்தைப் பக்கவாட்டில் சாய்ப்பது) எலிவேட்டரோடும் (வாலில் இருந்து மூக்கை ஏற்றி இறக்குவது), பெடலை ரடரோடும் (வாலில் இருந்து மூக்கை இடவலமாகத் திருப்புவது) இணைக்கும் வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது. பாகங்கள் அதிகமில்லை. சில புஷ்ராடுகள் (தள்ளி இழுக்கும் குழாய்கள்), மூன்று பெல்கிராங்குகள் (அசைவின் திசையை மாற்றும் நெம்புகோல்கள்), ரடருக்கு இரண்டு கேபிள்கள், ஒரு டப்பா நிறைய போல்ட்டும் வாஷரும், அவ்வளவுதான். ஆனால் கிட் முழுவதிலும் பிழைக்கு இடமே தராத வேலை இது. ஒரு வரிசையில் ஒரு ரிவெட் சுமாராக இருந்தால் பக்கத்து ரிவெட்டுகள் தாங்கிக்கொள்ளும். புஷ்ராட் முனையில் இருக்கும் ஒற்றை போல்ட்டுக்குத் துணை கிடையாது.

ஸ்டிக்கிலிருந்து தொடங்கலாம். அது பித்தளை புஷ் என்ற சிறு உருளையின் மேல் சுழல்கிறது. புஷ், தன்னைச் சுற்றியுள்ள எஃகுக் குழாயைவிட ஒரு தாள் கனம் நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் போல்ட்டை இறுக்கும்போது அழுத்தம் புஷ்ஷின் மேல் விழும், குழாய் விடுபட்டுச் சுழலும். பூச்சோடு வரும் குழாய் பெரும்பாலும் சற்று நீளமாக இருப்பதால் ஸ்டிக் இறுகிப்போகிறது. உடனே நட்டைத் தளர்த்திவிடத் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. தளர்த்தினால் போல்ட் துளைக்குள் ஆடி, துளையைப் பெரிதாக்கும். குழாய் முனையை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, புஷ்ஷுக்குக் கிரீஸ் போட்டு, முழு டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்கிய பிறகும் ஸ்டிக் தன் எடையில் தானாகச் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது நடுநிலை, அதாவது ஸ்டிக் நேராக இருக்கும்போது எய்லரான் மேலும் கீழும் சாயாமல் நிற்கும் நிலை. அதிகம் பேர் தடம் மாறும் இடம் இதுதான். இறக்கைக்குள் இருக்கும் பெல்கிராங்கை, வரைபட அளவுக்கு வெட்டிய ஜிக் என்ற அளவுச் சட்டத்தால் நடுநிலையில் பூட்டுகிறோம். எய்லரான் நடுநிலையில் இருக்கிறதா என்பதை இறக்கையின் கடைசி ரிப் (குறுக்கு விலா) சொல்லும். அந்த ரிப்பில் உள்ள இரண்டு டூலிங் துளைகள் (தயாரிப்பிலேயே இடப்பட்ட குறிப்புத் துளைகள்) வழியே போகும் நேர்கோடு எய்லரானின் பின்விளிம்பில் போய் முட்ட வேண்டும். அப்படி முட்டும்வரை பெல்கிராங்குக்கும் எய்லரானுக்கும் இடையிலுள்ள சிறிய புஷ்ராடின் நீளத்தை மாற்ற வேண்டும். பிறகு ஸ்டிக்கை நேராக நிறுத்தி, ஸ்டிக்கிலிருந்து பெல்கிராங்குக்கு வரும் நீண்ட புஷ்ராடின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். எய்லரான் நிலைத்த பிறகு அதைப் பார்த்து, அதற்கு உட்புறமுள்ள ஃபிளாப்; ஃபிளாப்பும் எய்லரானும் நின்ற பிறகு, இறக்கையின் நுனி உறையான விங் டிப். கண்ணுக்கு முதலில் படுவது டிப் என்பதால் பலர் அதற்கு ஏற்ப எய்லரானை நகர்த்துகிறார்கள். டிப் ஃபைபர் கிளாஸ். அதை எப்படி வேண்டுமானாலும் திருத்தலாம். எய்லரானின் நடுநிலை அப்படிப்பட்டதல்ல.

பெல்கிராங்க் நடுநிலையிலிருந்து விலகி நின்றால் என்ன ஆகும்? எய்லரான் கீழே போவதைவிட மேலே அதிகம் போகும்படி வைத்திருப்பது அந்தப் பெல்கிராங்கின் கோணம்தான். மேலே 25 முதல் 32 டிகிரி, கீழே 15 முதல் 17 டிகிரி என்பது ஆர்வி-7இன் வரம்பு. பெல்கிராங்க் பிசகினால் இரண்டு இறக்கையிலும் இந்த விகிதம் வெவ்வேறாகிவிடும். அந்தத் தவறைப் புஷ்ராட் நீளத்தால் மூடி மறைத்தால் நடுநிலை மட்டும் சரியாகத் தெரியும், அசைவின் இரு கோடிகளிலும் பிழை அப்படியே இருக்கும்.

நீளம் மாற்றுவது, புஷ்ராடின் முனையில் திருகி நிற்கும் பேரிங் துண்டான ராட் எண்டின் புரியில். 1/4-28 புரியில் (கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று) ஒரு முழுச் சுற்று 0.9 மில்லிமீட்டர். எய்லரான் பக்கத்துக் கை 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அது ஏறக்குறைய 1 டிகிரி. ஆகவே அரைச் சுற்றாகத் திருப்பி அளப்பதே வழக்கம். நீளம் போதவில்லை என்று ஒரே முனையில் ராட் எண்டை வெளியே இழுத்துக்கொண்டே போகக் கூடாது. புரியின் விட்டத்தைப்போல குறைந்தது ஒன்றரை மடங்காவது குழாய்க்குள் பிடித்திருக்க வேண்டும். இரு முனையிலும் சமமாகப் பகிர்ந்துகொள்வது நல்லது. ராட் எண்டைப் பூட்டும் ஜாம் நட்டை இறுக்கும்போது ராட் எண்ட் கூடவே திரும்பிவிடும். அதைக் கவனிக்காமல் விட்டால், ஸ்டிக்கின் ஒரு கோடியில் ராட் எண்டின் உடல் பிராக்கெட்டில் இடிக்கும். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஸ்டிக்கை முழு இடம், முழு வலம் என இரண்டு கோடிகளிலும் வைத்து, புஷ்ராடைக் கையால் அதன் அச்சில் முறுக்கிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் அது சற்றேனும் அசைய வேண்டும். அசையவில்லையென்றால் எங்கோ வளைவிசை ஏறுகிறது. பறக்கும்போது அது ராட் எண்டின் கழுத்தில் போய்ச் சேரும்.

இனி வாஷர்கள். எய்லரான் பிராக்கெட்டின் இரு காதுகளுக்கு நடுவே விரல் நுழையாது, ஆனால் பேரிங்கின் இரு பக்கமும் ஸ்பேசரும் வாஷரும் உட்கார வேண்டும். மெல்லிய தகட்டில் வெட்டிய வாஷர் பிடிப்பான் இல்லாமல் இதைச் செய்வது பாடு. அடுக்கு நீளம் குறைந்தால் போல்ட்டை இறுக்கும்போது காதுகள் உள்ளே வளையும். கூடினால் பிராக்கெட்டை விரித்துத்தான் நுழைக்க வேண்டியிருக்கும். இரண்டிலும் விரிசல் பிறகு வரும். பேரிங்கின் உள்பந்து இந்த அடுக்குக்குள் கெட்டியாகப் பிடிபட்டால்தான் சுழற்சி பந்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே நடக்கும். பந்து தளர்வாக இருந்தால் போல்ட்டே அச்சாக மாறித் தேயும். ராட் எண்ட் ஒரு பக்கம் திறந்திருக்கும் இடங்களில் அகலமான ஏஎன்970 வாஷர் கட்டாயம். பந்து பிய்ந்து வெளியே வந்தாலும் புஷ்ராட் கழன்றுபோகாமல் அது தடுக்கும்.

டார்க், ஏஎன்3 போல்ட்டுக்கு (3/16 அங்குலம்) 20 முதல் 25 இன்ச்-பவுண்டு, ஏஎன்4க்கு (1/4 அங்குலம்) 50 முதல் 70. லாக் நட் புரியில் ஏறும்போதே கொடுக்கும் இழுவையை அளந்து இதோடு சேர்க்க வேண்டும். போல்ட்டே சுழலக்கூடிய இடத்தில் லாக் நட் போதாது. வெட்டுகள் உள்ள கேசில் நட்டும், அதைப் பூட்டும் காட்டர் பின்னும் வேண்டும். இறுதியாக இறுக்கிய நட்டின் மேல் மட்டுமே டார்க் சீல் வண்ணம் (நட் அசைந்தால் காட்டிக்கொடுக்கும் குறி) வைக்க வேண்டும். "அப்புறம் இறுக்கிக்கலாம்" என்று விட்ட நட்டில் வண்ணம் இருக்கவே கூடாது.

எலிவேட்டரில் பயம் தருவது ஒரே ஒரு துளை. இரு எலிவேட்டர்களின் ஹார்ன்களும் (அவற்றை அசைக்கும் கைகள்) நடுப் பேரிங்கில் ஒரு போல்ட்டில் சேர்கின்றன. முதலில் இரு பக்கத்துச் சமன் எடைக் கைகளையும் நிலைவாலோடு (வாலின் அசையாத கிடைப்பகுதி) நேர்படுத்திக் கிளாம்ப் போட்டு, டிரில்லை நேராகப் பிடிக்கும் டிரில் புஷ் வைத்துப் பேரிங் வழியாகவே துளை தொடங்க வேண்டும். இடது வலது ஹார்ன்களின் கீழ்முனை ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம்; அதற்காக எலிவேட்டரை முறுக்கக் கூடாது. எலிவேட்டரின் வரம்பு மேலே 25 முதல் 30, கீழே 20 முதல் 25 டிகிரி. அசைவை நிறுத்தும் ஸ்டாப்பில் முட்டுவது எலிவேட்டராகவே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஸ்டிக் சீட்டிலோ பேனலிலோ முட்டினால் ஸ்டாப் இருந்தும் இல்லாத மாதிரிதான். ரடருக்கு இரு பக்கமும் 30 முதல் 35 டிகிரி, எலிவேட்டருக்கும் ரடருக்கும் நடுவே குறைந்தது 1⅛ அங்குல இடைவெளி. ஆட்டோபைலட்டின் சர்வோ மோட்டார் பொருத்தினால், அதன் கையும் இணைப்புக் கம்பியும் எந்தக் கோடியிலும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிடக் கூடாது. வந்தால் ஸ்டிக் அங்கேயே பூட்டிக்கொள்ளும்.

முழுவதும் கேபிளால் இயங்கும் கிட்டுகளில் இழுவிசையும் ஒரு பாகம்தான். அலுமினிய உடல் எஃகுக் கேபிளைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால் வெயிலில் கேபிள் இறுகும், குளிரில் தளரும். அதனால் வெப்பநிலையைக் குறிக்காமல் எழுதி வைத்த அளவுக்குப் பொருளில்லை. 2009 ஏப்ரலில் அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சோடியாக் சிஎச்-601எக்ஸ்எல் என்ற சிறு விமானங்களைப் பறக்கவிடாமல் நிறுத்தும்படி, அந்நாட்டு விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவைக் கேட்டது. நடுவானில் உடைந்தவற்றில் ஃபிளட்டரை (காற்றோட்டத்தில் பாகங்கள் கட்டுமீறி அதிர்வதை) காரணமாகக் கருதி, எய்லரானில் சமன் எடை இல்லாததையும் கேபிள் இழுவிசையையும் அது சுட்டிக்காட்டியது. பின்னர் வந்த மாற்றங்களில் எய்லரானுக்குச் சமன் எடையும் சேர்ந்தது. ஆர்வியில் எய்லரானின் முன்விளிம்புக்குள் போகும் இரும்புக் குழாய் இதற்காகத்தான். பெயின்ட்டும் பட்டியும் பின்விளிம்பில் எடையைக் கூட்டும். ஆகவே பெயின்ட் அடித்த பிறகு சமன் எடையை மறுபடி பார்க்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் திசை. ஸ்டிக்கைப் பிடித்துக் கட்டைவிரலை மேலே நீட்டி இடப்பக்கம் சாய்த்தால், விரல் காட்டும் பக்கத்து எய்லரான் மேலே எழ வேண்டும். தடையில்லாமல் அசைகிறதா என்று மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். 2018 நவம்பர் 11 அன்று, லிஸ்பன் அருகே அல்வெர்காவில் பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஏர் அஸ்தானாவின் எம்ப்ரேயர் 190இல் எய்லரான் கேபிள்கள் மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. புறப்படும் முன் நடந்த சோதனைகளில் அது பிடிபடவில்லை. விமானிகள் பெரும் போராட்டத்துக்குப் பிறகு பேஜாவில் இறக்கினார்கள். பிரிட்டனில் கட்டுப்பாட்டு வேலைக்கு இரண்டாவது ஆளின் தனிச் சோதனை விதியாகவே இருக்கிறது. விதி இல்லாத ஊரிலும் அந்த இரண்டாவது ஆள் வேண்டும். வேலை செய்யும்போது பக்கத்தில் நிற்காதவராக இருந்தால் நல்லது.

பறந்து பார்த்த பிறகு ஒரு இறக்கை தாழ்கிறது என்று வந்தால், முதலில் இரு டேங்கிலும் எரிபொருள் சமமா, இரு ஃபிளாப்பும் முழுதாக மேலே நிற்கிறதா, எய்லரான் நடுநிலை குலையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை சரியென்றால், இலேசாக மேலெழும் பக்கத்து எய்லரானின் பின்விளிம்பை, மரக்கட்டை வைத்து, நீளம் முழுவதும் சீராக, மிகச் சிறிதே அழுத்த வேண்டும். மறுபடி பறந்து பார்த்த பிறகே அடுத்த அழுத்தம். அழுத்தியதைத் திரும்ப விரிப்பது கடினம். கூடிப்போனால் எதிர்ப்பக்க எய்லரானில் அதேபோலச் சிறிது அழுத்திச் சமன் செய்யலாம்.