மூன்றாம் நாள்

சுவிட்சர்லாந்தின் வெங்கன் கிராமத்துக்குக் காரில் போக முடியாது. லவுட்டர்புரூன்னனில் இறங்கிப் பற்சக்கர ரயில் பிடிக்க வேண்டும். 2024 ஜனவரியில், லவுபர்ஹோர்ன் பனிச்சறுக்குப் பந்தய வாரத்துக்காக அங்குள்ள ஒரு ஹோட்டல் குசினியில் என்னைக் கூடுதல் ஆளாக எடுத்திருந்தார்கள். சுவிஸுக்கு வந்த எங்கள் ஆட்கள் பலரைப் போல நானும் கோப்பை கழுவித்தான் தொடங்கினேன். அந்த வருடம் நான் நின்றது காய்கறி வெட்டும் மேசையில்.

தட்டு அடுக்கும் அலமாரிக்கு மேலே ஒரு சின்னத் தொலைக்காட்சி இருந்தது. அந்தப் பருவம் தொடங்கியதே சகுனப் பிழையோடுதான். செர்மாட்டிலும் அமெரிக்காவின் பீவர் கிரீக்கிலும் டவுன்ஹில், அதாவது மலையிலிருந்து முழு வேகத்தில் இறங்கும் பந்தயம், ஒன்றுகூட நடக்கவில்லை. காற்றும் பனியும் விழுங்கிவிட்டன. அதனால் வெங்கனில் வியாழன் டவுன்ஹில், வெள்ளி வளைவுகள் கூடிய சூப்பர்-ஜி, சனி மறுபடி டவுன்ஹில் என மூன்று நாளும் பந்தயம். எங்களுக்கும் மூன்று நாள் ரோஸ்டி, அதாவது உருளைக்கிழங்கைச் சீவிப் பொரிக்கிற வேலை.

வியாழனன்று பாதையைச் சுருக்கி ஓடவிட்டார்கள். சுவிஸ்காரர் மார்கோ ஓடர்மாட் வென்றார். உலக சாம்பியனாக இருந்தும், பருவம் முழுக்க நடக்கும் உலகக் கோப்பைத் தொடரில் அதுதான் அவருடைய முதல் டவுன்ஹில் வெற்றி. குசினியே கரண்டியால் சட்டியைத் தட்டியது. வெள்ளியன்று பிரெஞ்சுக்காரர் சிப்ரியான் சாரசின் வென்றார். எங்கள் இனிப்புப் பகுதிக்காரரும் பிரெஞ்சுக்காரர். அன்று அவர் செய்த கேக்கில் சீனி சற்றுக் கூடிப்போயிருந்தது.

சனிக்கிழமை காலையில் என் விரல் வெட்டுப்பட்டது. ஆழமில்லை. ஆனால் பதினைந்து வருடமாகக் கத்தி பிடிக்கிறவனுக்கு அது அவமானம். கோப்பை கழுவுகிற அண்ணை துணி சுற்றிக்கொண்டே, "மூன்றாம் நாள் கிழங்கைப் பார்த்து வெட்டாதே தம்பி, கத்தியைப் பார்த்து வெட்டு" என்றார். கை தளர்ந்ததை நான் உணரவேயில்லை. கை பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அன்று முழுப் பாதை. நாலரைக் கிலோமீட்டர், சுமார் இரண்டரை நிமிடம். உலகக் கோப்பையில் இதைவிட நீளமான பாதை இல்லை. ஹுண்ட்ஷோப் பாறையிலிருந்து குதிப்பதைத்தான் எல்லோரும் படம் பிடிப்பார்கள். 2013இல் ஒருவர் மணிக்கு 161.9 கிலோமீட்டர் தொட்டதும் இதே பாதையில்தான். ஆனால் என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியது கடைசியில் வரும் எஸ் வளைவு. முடிவுக் கோடு கண்ணுக்கு முன்னால் தெரியும், தொடை செத்திருக்கும். நோர்வேயின் கில்டே அங்கேதான் நிலை தடுமாறி வலையில் போய் மோதினார். தோள் விலகியது, கெண்டைக்காலில் ஆழமான வெட்டு. ஹெலிகொப்டரில் பெர்னுக்குக் கொண்டுபோனார்கள். குசினியில் யாரும் பேசவில்லை. நான் கட்டுப்போட்ட விரலை ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை. அன்றும் ஓடர்மாட்தான் முதல், சாரசின் இரண்டாவது.

அடுத்த வாரம் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூயலில் சாரசின் இரண்டு டவுன்ஹில்லையும் வென்றார். இரண்டாவதில் ஓடர்மாட்டை விடக் கிட்டத்தட்ட ஒரு விநாடி முன்னால். இனிப்புக்காரர் என்னோடு பந்தயம் கட்டினார்: பருவ முடிவில் டவுன்ஹில் கோப்பை யாருக்கு? தோற்பவர் ஒரு கிலோ சாக்லேட் வாங்க வேண்டும்.

மார்ச் 24, சால்பாக்கில் கடைசிப் பந்தயம். பருவம் முழுக்கச் சேர்த்த டவுன்ஹில் புள்ளியில் ஓடர்மாட் சாரசினை விட 42 முன்னால். வென்றவருக்கு 100, இரண்டாமவருக்கு 80, மூன்றாமவருக்கு 60, நான்காமவருக்கு 50. சாரசின் வென்றாலும், ஓடர்மாட் நான்காவதாகவோ அதற்குக் கீழேயோ வந்தால்தான் இனிப்புக்காரருக்குச் சாக்லேட். இந்தக் கணக்கை நான் கிழங்குச் சாக்கின் மேல் எழுதிப் பார்த்திருந்தேன். வானிலை காரணமாகப் பந்தயமே நடக்கவில்லை. நடந்த எட்டு டவுன்ஹில்லில் மூன்றை வென்ற சாரசினுக்கு வெறுங்கை, இரண்டை வென்ற ஓடர்மாட்டுக்குக் கோப்பை. நியாயமா என்று கேட்டால், எனக்கு நியாயம்தான். மற்ற நாட்களில் கூடுதலாகப் புள்ளி சேர்த்தவர் ஓடர்மாட்.

இனிப்புக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. நடக்காத பந்தயத்துக்குச் சாக்லேட் கிடையாதாம். இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு அரைக் கிலோவில் முடித்தோம். அதிலும் கால்வாசியை அவரே தின்றார்.